கண்ணைப் பார்த்துப் பேசாவிட்டால் வேலை கிடையாதா? ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மனதுக்குப் பிடித்த வேலை அமைய...

"உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க..."

இன்டர்வியூவில் இதைவிடச் சுலபமான கேள்வி இல்லை என்றுதான் நினைப்போம். எதிரே உட்கார்ந்திருக்கும் அந்த இளைஞருக்கோ இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி. 'என்னைப் பற்றி என்றால் எதை? பிறந்த ஊரையா, படிப்பையா, காலையில் சாப்பிட்டதையா? கொஞ்சம் என்றால் எவ்வளவு? இரண்டு வரியா, பத்து நிமிடமா?' என்று யோசிக்கிறார். தலைக்கு மேல் டியூப்லைட் இரைவது மற்றவர்களுக்குக் கேட்கவே இல்லை. அவருக்கு அது காதைக் குடைகிறது. பார்வை மேஜை மீதே நிற்கிறது. 'ஆர்வம் இல்லாத ஆள்' என்று எதிரே இருப்பவர் குறித்துக்கொள்கிறார். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

இதே இளைஞரிடம் ஆயிரம் வரி கணக்கு ஷீட்டைக் கொடுத்து, "இதுல தப்பு எங்கே இருக்குன்னு பாருங்க" என்று சொல்லியிருந்தால், ஒருவேளை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்திருப்பார். அதை யாரும் கேட்கவில்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலருக்குப் பழகிப்போன காட்சி.

பிரிட்டன் அரசுக்காகத் தயாரிக்கப்பட்டு 2024 பிப்ரவரியில் வெளியான ஓர் அறிக்கை, அங்கே ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேர்தான் வேலையில் இருக்கிறார்கள் என்கிறது. எந்தக் குறைபாடும் இல்லாதவர்களில் இது 10-க்கு 8. வசதிகளும் சட்டங்களும் நிறைந்த நாட்டிலேயே இதுதான் நிலை.

நம் ஊரில் ஆட்டிசம் என்றாலே குழந்தைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஸ்பீச் தெரபி, சிறப்புப் பள்ளி என்று பேசுவோம். அந்தக் குழந்தைக்கு 25 வயது ஆகும், 40 வயது ஆகும் என்பதை யாரும் பேசுவதில்லை. பெற்றோர்கள் மட்டும் ராத்திரி தூக்கம் வராமல் அதை யோசிக்கிறார்கள்: 'எங்களுக்குப் பிறகு இவன் என்ன செய்வான்?'

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. நன்றாகப் படித்து, வேலைக்கும் போய், 'எனக்கு மட்டும் ஏன் எல்லா ஆபீஸும் ஒத்துவரவில்லை' என்று குழம்பி, முப்பது நாற்பது வயதில்தான் தனக்கு ஆட்டிசம் இருப்பதைத் தெரிந்துகொள்பவர்கள். பிரிட்டனின் பிரபல இயற்கை ஆர்வலரும் டி.வி தொகுப்பாளருமான கிறிஸ் பேக்கம், நாற்பது வயதுக்கு மேல்தான் அதை அறிந்துகொண்டார்.

இரண்டு தரப்பினருக்கும் உதவக்கூடிய ஒரு வாழ்க்கைக் கதை இருக்கிறது. அது மாட்டுக் கொட்டிலில் தொடங்குகிறது.

மாட்டின் கண்ணால் பார்த்தவர்

டெம்பிள் கிராண்டின் 1947-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். மூன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. 'காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள்' என்பதுதான் அன்றைய ஆலோசனை. அவருடைய அம்மா யூஸ்டேசியா கேட்கவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். வீட்டில் மணிக்கணக்கில் விளையாட்டுகள் மூலம் 'இப்போ என் முறை, அடுத்து உன் முறை' என்று பழக்கினார்கள்.

பள்ளிக்காலம் கொடுமையாக இருந்தது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னதால் 'டேப் ரெக்கார்டர்' என்று கேலி செய்தார்கள். கேலி செய்த ஒரு மாணவி மீது புத்தகத்தை வீசியதால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். அடுத்துச் சேர்ந்த உறைவிடப் பள்ளியில் அவருக்குப் பிடித்தது குதிரை லாயம். தினமும் லாயத்தைக் கூட்டி, குதிரைகளுக்குத் தீவனம் வைத்தார். வகுப்பில் இல்லாத பொறுப்பு லாயத்தில் வந்தது.

ஒரு கோடை விடுமுறையில் அரிசோனாவில் இருந்த உறவினர் ஒருவரின் பண்ணைக்குப் போனார். தடுப்பூசி போடும்போது மாடுகள் அசையாமல் இருக்க, இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் ஓர் இரும்புச் சட்டத்தில் அவற்றை நிறுத்துவார்கள். மிரண்டுபோய் வந்த மாடுகளில் சில, அந்த அழுத்தத்தில் அமைதியாவதை அவர் கவனித்தார். தன்னை எப்போதும் ஆட்டிப்படைத்த பதற்றத்துக்கும் இது உதவுமா என்று தானே அதற்குள் நின்று பார்த்தார். உதவியது! தனக்காக அதேபோல் ஒரு மரக்கருவியைச் செய்துகொண்டார்.

'இது என்ன கிறுக்குத்தனம்' என்று மனநல ஆலோசகர்கள் அந்தக் கருவியைப் பிடுங்கப் பார்த்தார்கள். அவருடைய அறிவியல் ஆசிரியர் கார்லாக் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். "அழுத்தம் ஏன் அமைதி தருகிறது? அதைக் கண்டுபிடி" என்று நூலகத்தின் பக்கம் திருப்பிவிட்டார். ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க வேண்டுமென்றால் அறிவியல் தெரிய வேண்டும். அறிவியல் தெரிய வேண்டுமென்றால் பாடம் படிக்க வேண்டும். அதுவரை படிப்பில் அக்கறை காட்டாத பெண், படிக்க ஆரம்பித்தார்.

பிறகு மாட்டுப் பண்ணைகளே அவருடைய உலகம் ஆயின. வரிசையாக மாடுகளை ஓட்டிச் செல்லும் குறுகலான பாதைகளில், சில இடங்களில் மட்டும் மாடுகள் மிரண்டு நின்றுவிடும். ஆட்கள் அடித்து, கத்தி, மின்சாரக் கோலால் குத்துவார்கள். கிராண்டின் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பாதைக்குள் தானே இறங்கி, மாட்டின் கண் உயரத்தில் நின்று பார்த்தார். தொங்கி ஆடும் ஒரு சங்கிலி. வேலியில் யாரோ போட்டுவிட்டுப் போன கோட். தரையில் விழும் ஒரு நிழல். ஈரத்தில் பளிச்சிடும் வெளிச்சம். மாடுகள் பயந்தது இவற்றுக்குத்தான். அனுபவசாலிகளின் கண்ணில் படாத இந்தச் சின்ன விஷயங்கள், ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் கவனிக்கும் அவருடைய கண்ணில் பட்டன.

இன்று அவர் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் பேராசிரியர். பண்ணைகளிலும் இறைச்சிக்கூடங்களிலும் விலங்குகளை வதைக்காமல் கையாள அவர் வடிவமைத்த அமைப்புகள் பல நாடுகளில் பயன்படுகின்றன. 2010-ல் 'டைம்' இதழின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலில் இடம்பிடித்தார். அதே ஆண்டு அவர் வாழ்க்கை படமாகவும் வந்தது.

ஆளைக் காட்டாதே, வேலையைக் காட்டு!

'அவர் மேதை. நம்ம பையன் அப்படியா?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆட்டிசம் உள்ள எல்லோரும் மேதைகள் இல்லை. அந்த எதிர்பார்ப்பும் ஒரு சுமைதான். ஆனால், கிராண்டினுக்கு வேலை கிடைத்த *விதம்* இருக்கிறதே, அது எல்லோருக்கும் பயன்படும்.

தான் நேரில் பேசினால் ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டு, தான் வரைந்த வரைபடங்களையும், கட்டி முடித்த கொட்டில்களின் புகைப்படங்களையும் காட்டினார். 'விசித்திரமான பெண்' என்று நினைத்தவர்கள், 'இதை நீங்களா வரைஞ்சீங்க?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். உள்ளூர் விவசாயப் பத்திரிகை ஒன்றில் கட்டுரைகள் எழுதி, அந்த நிருபர் அடையாளத்தோடு பண்ணைகளுக்குள் நுழைந்தார். முன்வாசல் மூடியிருந்தால் பக்கவாட்டு வாசல் வழியாகப் போவது அவர் வழி.

இன்றைக்கு இது இன்னும் எளிது. கோடிங் தெரிந்தவர் தான் எழுதிய புரோகிராமை, படம் வரைபவர் தன் படங்களை, எம்ப்ராய்டரி போடுபவர் தைத்த துணிகளை, கணக்கில் கெட்டிக்காரர் தான் சரிசெய்த ஷீட்டை ஒரு போன் ஆல்பத்தில் வைத்துக்கொள்ளலாம். ஐந்தாறு நல்ல மாதிரிகள் போதும். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு அதுவே பதில்.

லண்டனில் 1974-ல் பிறந்த ஸ்டீபன் வில்ட்ஷைர் இன்னோர் உதாரணம். சிறுவயதில் பேச்சே இல்லை. படம் மட்டும் வரைந்துகொண்டே இருந்தார். ஒரு நகரத்தை ஹெலிகாப்டரில் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, நினைவிலிருந்தே அதை வரையும் ஓவியராக உலகப்புகழ் பெற்றார். லண்டனில் அவருக்குச் சொந்தமாக ஓவியக்கூடம் இருக்கிறது.

இன்டர்வியூவை மாற்றிய நிறுவனங்கள்

டென்மார்க்கில் தொலைத்தொடர்புத் துறையில் இருந்த தோர்கில் சோன் என்பவரின் மகனுக்கு ஆட்டிசம். மகனின் கூர்மையான கவனத்தைப் பார்த்து, 'இது மென்பொருள் சோதனைக்குத் தேவையான திறமை ஆயிற்றே' என்று நினைத்தவர், 2004-ல் 'ஸ்பெஷலிஸ்டர்னே' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே வழக்கமான கேள்வி பதில் இல்லை. லெகோ ரோபோக்களைக் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். ஒருவர் எப்படி யோசிக்கிறார், எங்கே திணறுகிறார், எதில் ரசித்து மூழ்குகிறார் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஜெர்மனியின் எஸ்.ஏ.பி மென்பொருள் நிறுவனம், ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டத்தை 2013-ல் உலக அளவில் அறிவித்தது. அதற்கு முன்னோட்டம் நடந்தது எங்கே தெரியுமா? நம் பக்கத்து பெங்களூருவில்! மைக்ரோசாஃப்ட் 2015-ல், பல நாள்கள் வேலை செய்ய வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது.

இவையெல்லாம் பெரிய நிறுவனங்கள். ஆனால், அச்சகமோ, ஆடிட்டர் ஆபீஸோ, நர்சரியோ வைத்திருக்கும் ஒருவரும் இதைச் செய்யலாம். அரை மணி நேரம் கேள்வி கேட்பதற்குப் பதில், மூன்று நாள் வேலை கொடுத்துப் பாருங்கள். அந்த மூன்று நாளுக்கும் சம்பளம் கொடுங்கள். அவ்வளவுதான்.

எந்த வேலை யாருக்கு?

ஆட்டிசம் என்றால் ஐ.டி வேலைதான் என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. அது தவறு. கிராண்டின் தன் அனுபவத்திலிருந்து மூன்று வகையாகப் பிரிக்கிறார். படங்களாக யோசிப்பவர்களுக்கு வடிவமைப்பு, புகைப்படம், இயந்திரப் பழுது, விலங்குகள் சார்ந்த வேலைகள். ஒழுங்குமுறைகளாக யோசிப்பவர்களுக்குக் கணிதம், இசை, புரோகிராமிங். சொற்களாக யோசிப்பவர்களுக்கு நூலகம், மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம், ஆவணங்கள்.

ஒரே நேரத்தில் பல விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டு ஓட வேண்டிய கேஷியர், ஹோட்டல் சர்வர், ரிசப்ஷனிஸ்ட் போன்ற வேலைகள் பலருக்கும் சிரமம் என்பதும் அவர் கணிப்பு. ஆனால் இது பொதுக்கணக்கு. உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். வேலை தேடும் முன் இந்த ஐந்து கேள்விகளுக்கு ஒரு நோட்டில் பதில் எழுதுங்கள்.

1. யாரும் சொல்லாமலே நான் மணிக்கணக்கில் செய்வது எது?

2. அதில் மற்றவர்களுக்குப் பணம் கொடுத்து வாங்கத் தோன்றும் பகுதி எது? ரயில்கள் பிடிக்கும் என்பது ஆர்வம். கால அட்டவணை தயாரிப்பது, டிக்கெட் பதிவு செய்து தருவது, மாடல் ரயில் செய்து விற்பது எல்லாம் வேலை.

3. என்னால் தாங்க முடியாத சத்தம், வெளிச்சம், வாசனை என்ன? இந்த வேலையில் அது இருக்கிறதா?

4. ஒரு நாளில் எத்தனை பேரிடம் பேசினால் எனக்குச் சோர்வு வரும்?

5. போக வர எவ்வளவு நேரம்? கூட்டமான பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போனால், ஆபீஸ் வாசலிலேயே அன்றைய தெம்பு தீர்ந்துவிடாதா?

ஐந்தாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வேலையை விட்டு நிற்பவர்களில் சிலருக்கு வேலை பிரச்னையே இல்லை. சுற்றியிருந்த சூழல்தான் பிரச்னை.

சேர்ந்த பிறகு...

ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், மற்றவர்களைப் போலவே இருப்பதாகக் காட்டிக்கொள்ள நாள் முழுக்க முயல்கிறார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, வலுக்கட்டாயமாகக் கண்ணைப் பார்த்துப் பேசி, வீட்டுக்கு வந்ததும் பேச்சு மூச்சில்லாமல் படுத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் இப்படி ஓடினால் உடலும் மனமும் முடங்கிவிடும். 'நல்லாத்தானே போயிட்டிருந்தான், ஏன் திடீர்னு வேலையை விட்டான்?' என்று வீட்டில் கேட்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் களைப்பு இருக்கிறது.

ஆட்டிசம் இருப்பதை ஆபீஸில் சொல்ல வேண்டுமா? அது அவரவர் முடிவு. சொல்லாமலும் தேவையைக் கேட்கலாம். "சார், வேலையை வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பிட்டீங்கன்னா தப்பில்லாம முடிச்சிடுவேன்" என்று கேட்பதில் எந்த மேலாளருக்கும் ஆட்சேபம் இருக்காது. சுவர் ஓரமாக ஓர் இருக்கை, காதில் ஹெட்போன், மீட்டிங்கில் பேசப்போவதை முந்தின நாளே சொல்வது, கூட்டம் குறைந்த நேரத்தில் வந்து போக அனுமதி... இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது.

உடன் வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால், நமக்கும் அவர்களைப் புரியவில்லை என்றுதானே அர்த்தம்? இடைவெளி இரண்டு பக்கமும் இருக்கிறது. 'முடிஞ்சா பாருங்க' என்று நீங்கள் சொன்னால், அவர் முடிந்தால்தான் பார்ப்பார். 'வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள வேணும்' என்று சொன்னால், மூன்றரைக்கே மேஜையில் இருக்கலாம்.

தவறு நடந்தால் தனியாக அழைத்து, நேராகச் சொல்லுங்கள். கிராண்டின் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருவர் செய்த வெல்டிங்கைப் பார்த்து 'புறா எச்சம் மாதிரி இருக்கு' என்று சொல்லிவிட்டார். அங்கிருந்த பொறியாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவரும் கேட்டார். பாடம் மனதில் நின்றது. ஜாடைமாடையாகச் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்தே இருக்காது.

பதவி உயர்விலும் கவனம் தேவை. வரைபடம் போடுவதில் பிரமாதமாக இருப்பவரை, பத்துப் பேரை மேய்க்கும் மேலாளர் ஆக்கினால், நல்ல வேலைக்காரரையும் இழந்து, நல்ல மேலாளரும் கிடைக்காமல் போகலாம். சம்பள உயர்வு கொடுத்து, பிடித்த வேலையிலேயே இருக்க விடுவது இருவருக்கும் லாபம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசம் அதில் ஒன்று. அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீடு குறைந்தபட்சம் 4 சதவிகிதம். அதில் 1 சதவிகிதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றுக்கும் பன்முகக் குறைபாட்டுக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டுள்ளது. இதைப் பெற, குறைபாடு 40 சதவிகிதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும்.

அரசு அலுவலகங்கள், மாற்றுத்திறனாளி ஊழியருக்கு ஏற்ற நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும். தனியார் நிறுவனங்களும் தங்கள் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். வேலைக்குச் சேரும்போது, "உங்க சமவாய்ப்புக் கொள்கையைப் பார்க்கலாமா?" என்று கேட்பது உங்கள் உரிமை.

சான்றிதழுக்கும் யூ.டி.ஐ.டி அட்டைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பன்முகக் குறைபாடு உடையவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இயங்குகிறது. மதிப்பீடு, பயிற்சி, வழிகாட்டுதல் தேவைப்படுவோர் அங்கே தொடர்புகொள்ளலாம்.

அதிக உதவி தேவைப்படுபவர்களுக்கு...

பேச்சு வராதவர்கள், தனியாக வெளியே போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வேலை உண்டு. ஆனால் அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். 'ஜாப் கோச்' என்ற பயிற்சியாளர் முதல் சில வாரங்கள் கூடவே நின்று, வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துப் படங்களாக ஒட்டி, பழகப் பழக மெல்ல விலகிக்கொள்வார். முழு நாள் முடியாவிட்டால் இரண்டு மணி நேரம் போதும். மாதச் சம்பளத்தை வைத்து மட்டும் வேலையின் மதிப்பை அளக்காதீர்கள். காலையில் எழுந்து போக ஓர் இடம், தன் பெயர் சொல்லி எதிர்பார்க்கும் நாலு பேர், தன் கையால் முடித்த ஒரு காரியம் ஆகியவையும் வருமானம்தான்.

பெற்றோர்கள் இதற்கான தயாரிப்பை முன்கூட்டியே தொடங்கலாம். கிராண்டினுக்கு 13 வயதில், தையல்காரப் பெண்மணி ஒருவரிடம் துணி மடித்துத் தைக்கும் சின்ன வேலையை அம்மா ஏற்பாடு செய்தார். நம் வீடுகளில் பால் வாங்கி வந்து கணக்கு எழுதுவது, மாடித் தோட்டத்துக்கு நேரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, தெரு நூலகத்தில் புத்தகம் அடுக்குவது என்று தொடங்கலாம். 'குழந்தைக்கு ஏன் கஷ்டம்' என்று எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால், 22 வயதில் ஒரே நாளில் பொறுப்பு வந்துவிடாது.

நிழலையும் சங்கிலியையும் எடுத்துவிட்டதும், அதுவரை முரண்டு பிடித்த மாடுகள் தாமாகவே நடந்துபோயின. மாடுகளில் எந்தக் கோளாறும் இல்லை. பாதையில்தான் இருந்தது.

மனிதர்களுக்கும் அப்படித்தான். நாளை உங்கள் மேஜைக்கு எதிரே ஓர் இளைஞரோ, இளம்பெண்ணோ கண்ணைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தால், 'உங்களைப் பத்திச் சொல்லுங்க' என்ற கேள்வியை ஒருமுறை ஒதுக்கி வையுங்கள்.

"நீங்க செஞ்ச ஏதாவது ஒண்ணைக் காட்டுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள்.